வேலைய விடாம வக்கீலுக்கு படிக்கலாமா? வடசென்னைல என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்க

நான் தண்டையார்பேட்டை. மணலில ஒரு கன்டெய்னர் யார்டுல நைட் ஷிப்ட் பாத்துக்கிட்டே 3 வருஷ எல்.எல்.பி முடிச்சு, வக்கீலா பேர பதிஞ்சு (என்ரோல் பண்ணி), இப்போ பாரிஸ் கார்னர்ல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா ஓடிட்டு இருக்கேன். இது ஏரியால தெரிஞ்சதுலருந்து டீக்கடை, ரேஷன் கடை க்யூ, மச்சான் கல்யாண பந்தி, எங்க பாத்தாலும் யாராவது ஒருத்தர் ஓரமா கூப்ட்டு அதே கேள்விங்கள கேக்கறாங்க, வாட்ஸப்ல வேற வாய்ஸ் நோட்டு. தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே எடத்துல எழுதிட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே போட்ருக்கேன்.

அண்ணா, பார்ட் டைம் எல்.எல்.பி எந்த காலேஜ்ல இருக்கு?

எங்கயும் இல்லப்பா. கோட்டு மாட்டிட்டு கோர்ட்ல நிக்கணும்னா வக்கீலுங்கள பதியற பார் கவுன்சில் ஒத்துக்கற டிகிரி வேணும், அந்த படிப்பு எப்படி நடக்கணும்னு இந்திய பார் கவுன்சில் 2008-ல போட்ட சட்டக்கல்வி விதிகள்லயே இருக்கு. 3 வருஷ கோர்ஸுன்னா ஒரு செமஸ்டருக்கு கொறஞ்சது 15 வாரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அதுல 24 மணி நேரமாவது லெக்சர், மிச்சம் டுடோரியல், மூட் கோர்ட் (கோர்ட் மாதிரியே வாதாடிப் பழகறது), செமினார்னு போவும். கிளாஸ் வைக்கற நேரமும் காலைல 8-லருந்து சாயந்திரம் 7 வரைக்கும் தான். லைப்ரரிய வேணா ராத்திரி 10 வரைக்கும் தொறந்து வச்சிக்கலாம்னு அதே விதி சொல்லுது, கிளாஸ் எடுக்க முடியாது.

அதனால ஃபுல் டைமா பார்ட் டைமான்னு நீ கேக்கறப்போ, படிப்பு பக்கம் சாய்ஸே கிடையாது, அது ஃபுல் டைம் தான். பார்ட் டைம் ஆக்கறதா இருந்தா உன் வேலைய தான் ஆக்கணும். நான் செஞ்சது அதான், கீழ எழுதியிருக்கறது பூரா அத எப்படி செய்யறதுன்னு தான்.

எங்க தெருவுல இருக்கற பெரியவர் ஈவினிங் காலேஜ்ல படிச்சு தான் வக்கீல் ஆனாராமே?

ஆயிருப்பாரு. நாட்டுல பல ஊர்ல அந்த காலத்துல சாயந்திர சட்டக் கல்லூரிங்க இருந்துச்சு, ஆபீஸ் முடிச்சு போயி படிச்சவங்க நெறைய பேர். அது அவர் காலம். இப்போ இருக்கற விதில 7 மணியோட கதவ சாத்திடறாங்க, நீ 6 மணிக்கு ஆபீஸ் விட்டு கெளம்பி எந்த கிளாஸ்ல போயி ஒக்காருவ?

தபால்ல படிச்சா? கரஸ்ல சட்டம்னு விளம்பரம் பாத்தேனே.

இங்க ரெண்டு விஷயத்த எல்லாரும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கறாங்க.

மொத விஷயம், சட்டத்தையே தபால்ல படிக்கறது. பி.ஜி.எல், பி.ஏ.எல்னு சில யுனிவர்சிட்டிங்க அஞ்சல் வழில நடத்தியிருக்காங்க, டிப்ளமாவும் நெறைய இருக்கு. இதெல்லாம் அறிவுக்கு, ஆபீஸ்ல லீகல் பேப்பர் பாக்கறவங்களுக்கு பிரயோஜனம். ஆனா இத வச்சு பார் கவுன்சில்ல என்ரோல் பண்ண முடியாது. எங்க யார்டுலயே ஒரு சார் பி.ஜி.எல் முடிச்சிட்டு விசிட்டிங் கார்டுல பேருக்கு பின்னாடி போட்டு வச்சிருந்தாரு, நல்ல விவரமான ஆளு, கஸ்டம்ஸ் சட்டம் எனக்கு மொதல்ல சொல்லிக் குடுத்ததே அவர் தான், ஆனா கோட்டு போட முடியாதுன்னு அவருக்கே தெரியும்.

ரெண்டாவது விஷயம், பி.ஏ, பி.காம் மாதிரி மொத டிகிரிய தபால்ல முடிச்சிட்டு, எல்.எல்.பிய ரெகுலர் காலேஜ்ல படிக்கறது. இது செல்லும், நானே அப்படித்தான், பி.காம் கரஸ். ஆனா பத்தாவது, பன்னெண்டாவது, அப்புறம் டிகிரி, இந்த வரிசை இருந்தே ஆகணும். பன்னெண்டாவது முடிக்காம நேரா ஓப்பன் யுனிவர்சிட்டில டிகிரி வாங்கினவங்களுக்கு எல்.எல்.பி சீட் கெடையாது. இது தெரியாம நம்ம பக்கம் நெறைய பேர் மாட்டிக்கறாங்க, பத்தாவதோட வேலைக்கு போயி அப்புறம் ஓப்பன்ல பி.ஏ முடிச்சவங்க. அவங்க மொதல்ல பிளஸ் டூ எழுதிட்டு, அப்புறம் முறையா டிகிரி முடிச்சுட்டு தான் வரணும். சொல்லவே கஷ்டமா இருக்கு, ஆனா சீட்டுக்கு துட்டு கட்டினதுக்கு அப்புறம் தெரியறத விட இப்பவே தெரியறது மேல்.

மார்க்கும் பாத்துக்க. பார் கவுன்சில் விதிப்படி பொதுப்பிரிவுக்கு டிகிரில 45 சதவீதம், ஓ.பி.சிக்கு 42, எஸ்.சி எஸ்.டிக்கு 40. அது கொறஞ்சபட்சம், சீட் கெடைக்க கட் ஆஃப் வேற.

70 சதவீதம் அட்டெண்டன்ஸ்னா எத்தன நாள் லீவு போடலாம்?

இதான் வேலைக்கு போறவனுக்கு உயிர் நாடியான கேள்வி. 70 சதவீதம் கிளாஸுக்கு வந்தா தான் பரீட்சை எழுத விடுவாங்கன்னு அதே விதில இருக்கு, கணக்கு போட்டே காட்றேன்.

15 வாரம், வாரத்துக்கு 24 மணி நேரம் லெக்சர், மொத்தம் 360. அதுல 70 சதவீதம் 252. அப்போ 108 மணி நேரம் விடலாம். வாரத்துக்கு 6 நாள் கிளாஸ்னு வச்சா ஒரு நாளைக்கு 4 மணி நேரம், 27 நாள் லீவு கெடைக்குது. ஆகா, 27 நாளான்னு வாய பொளக்காதீங்க, நானும் மொத செமஸ்டர்ல அப்படித்தான் பொளந்தேன்.

கணக்கு மொத்தத்துக்கு இல்ல, ஒவ்வொரு சப்ஜெக்ட்டுக்கும் தனித்தனியா. அஞ்சு சப்ஜெக்ட்னா ஒண்ணுக்கு 72 மணி நேரம், அதுல 51 வரணும், 21 தான் விடலாம். இப்போ நீ என்ன பண்ணுவ, திங்கக்கிழம யார்டுல வேலை ஜாஸ்தி, அதனால திங்கக்கிழமைய மட்டும் விட்டுடலாம்னு பாப்ப. திங்கக்கிழம காண்ட்ராக்ட் சட்டம் ரெண்டு பீரியட் இருக்குன்னு வை. 15 திங்கக்கிழமைக்கு 30 மணி நேரம் போச்சு. மத்த சப்ஜெக்ட்ல எல்லாம் 80, 85ன்னு நின்னுட்டு அந்த ஒண்ணுல மட்டும் 58-ல தொங்குவ, அந்த பேப்பர் எழுத விட மாட்டாங்க. அதனால டைம் டேபிள் கைக்கு வந்த அன்னிக்கே லீவ ஒரே கெழமைல போடாம கலைச்சு போட்டுக்கணும்.

கொஞ்சம் கொறைஞ்சா வழி இருக்கு. அந்த சப்ஜெக்ட்ல 65 சதவீதமாவது, எல்லா சப்ஜெக்ட்டும் சேத்து மொத்தமா 70 சதவீதமாவது இருந்து, நெஜமாவே தவிர்க்க முடியாத காரணமும் இருந்தா, பிரின்சிபால் காரணத்த எழுதி வச்சு அனுமதி குடுக்கலாம். எனக்கு ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு பேப்பர் 66-ல நின்னுச்சு, அப்பாவுக்கு ஸ்டான்லில ஆபரேஷன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வச்சு கையெழுத்து வாங்கினேன். வேலை இருந்துச்சு சார்னு சொன்னா அது காரணமே இல்லன்னு தெளிவா சொல்லிட்டாங்க. மூட் கோர்ட், டுடோரியல் அட்டெண்டன்ஸும் இதுல சேத்தி, அத விட்டுட்டு லெக்சர மட்டும் எண்ணிட்டு இருக்காதீங்க.

வேலைக்கு போறத காலேஜ்ல மறைச்சிடலாமா?

வேணாம். 2024 செப்டம்பர்ல பார் கவுன்சில் ஒரு சர்க்குலர் போட்டாங்க, அப்போ நான் கடைசி வருஷம். வேலைல இருக்கியா, வேற டிகிரி சேந்து படிக்கறியா, மேல கேஸு ஏதாவது இருக்கா, எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும்னு வந்துச்சு. வேலைல இருந்தா ஓனர்கிட்ட ஆட்சேபணை இல்லன்னு லெட்டர் வாங்கியிருக்கணும். அதோட கைரேகை வச்சு அட்டெண்டன்ஸ், கிளாஸ்ல கேமரா எல்லாமும் அந்த சர்க்குலர்ல உண்டு. ஃப்ரெண்டு 'பிரசென்ட் சார்' சொல்ற காலமெல்லாம் மலையேறிடுச்சு.

எங்க மேனேஜர் லெட்டர் குடுக்க ரெண்டு வாரம் இழுத்தாரு, 'நாளைக்கு என் மேலயே கேஸ் போடுவியா'ன்னு சிரிச்சுக்கிட்டே, ஆனா குடுத்துட்டாரு. கவர்மென்ட் வேலைல இருக்கறவங்க டிபார்ட்மென்ட் அனுமதி இல்லாம சேரவே கூடாது. ஆபீஸ் ரெஜிஸ்டர்ல 10 மணிக்கு கையெழுத்து, காலேஜ் ரெஜிஸ்டர்லயும் 10 மணிக்கு கையெழுத்துன்னு இருந்தா ரெண்டுல ஒண்ணு பொய், என்ரோல்மென்ட் சமயத்துல அது வெளிய வந்தா டிகிரியும் போவும் வேலையும் போவும்.

இன்னொரு ரெகுலர் டிகிரியும் சேத்து ஒரே நேரத்துல படிக்கலாமான்னு ஒரு தம்பி கேட்டான். எல்.எல்.பியோட கூடாது.

எந்த மாதிரி வேலைன்னா ஒத்து வரும்?

நம்ம ஏரியா கணக்குலயே சொல்றேன்.

ஷிப்ட் மாறிக்கிட்டே இருக்கற வேலை சுத்தமா ஆவாது. மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனிங்கள்ல ஒரு வாரம் காலைல, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரின்னு சுத்தும், அதுல மூணுல ரெண்டு வாரம் கிளாஸ் அடி வாங்கும், கூட வேலை பாக்கறவன் எத்தன தடவ மாத்தி வருவான்? ஒரே நேரத்துல நிக்கற வேலையா மாத்திக்கணும், சம்பளம் கொறஞ்சாலும்.

நிரந்தர நைட் ஷிப்ட் ஓடும், ஆனா ஒடம்பு கேக்கணும். நான் மொதல்ல வாரத்துக்கு ஆறு நைட்டு பாத்தேன், பத்து மணிக்கு போயி கேட்ல லாரி டாக்குமென்ட் செக் பண்ணி, காலைல ஆறு மணிக்கு வெளிய வந்து, குளிச்சும் குளிக்காம ட்ரெயின் ஏறுவேன். ஒரு நாள் திருவள்ளூர்ல எறங்க வேண்டியவன் தூங்கிட்டு கண் முழிச்சா திருவாலங்காடு. எதிர் ப்ளாட்பாரத்துல ட்ரெயினுக்காக ஒக்காந்துருக்கும்போது தான் இது இப்படியே போனா ரெண்டும் போயிடும்னு புரிஞ்சுது. அன்னிக்கு சாயந்திரமே மேனேஜர்கிட்ட போயி வாரத்துக்கு நாலு நைட்டு போதும், சம்பளத்த கொறைச்சுக்கங்கன்னு கேட்டுட்டேன்.

சாயந்திரம் டியூஷன் எடுக்கறது, மெடிக்கல் ஷாப்ல ஆறுலருந்து பத்து, சவுகார்பேட்டைல கடைக்கு கணக்கு எழுதறது, இதெல்லாம் நல்லா ஒத்து வரும். சொந்த ஆட்டோ வச்சிருக்கற ஒரு அண்ணன் எங்க கூட படிச்சாரு, காலைல ஸ்கூல் சவாரிய மட்டும் தம்பிக்கு விட்டுக் குடுத்துட்டாரு, சாயந்திரம் இவர் ஓட்டுவாரு, எங்க பேட்ச்லயே அவருக்கு தான் அட்டெண்டன்ஸ் கவலை இல்லாம இருந்துச்சு. சாப்பாடு டெலிவரி ஓட்ற பசங்களும் ரெண்டு பேர், அவங்க நேரத்த அவங்களே வச்சிக்கலாம் ஆனா மழை நாள்ல இன்சென்டிவ் ஆசைல மறுநாள் கிளாஸ விட்டுடுவாங்க.

பக்கத்து ஸ்டேட்ல ஒரு காலேஜாம், போகவே வேணாம், பரீட்சைக்கு மட்டும் போனா போதும்னு ஒருத்தர் சொல்றாரு.

அந்த ஒருத்தர் எனக்கும் சொன்னாரு. மின்ட்டு மணிக்கூண்டு பக்கத்துல ஒரு மாடி ஆபீஸு, சொவர்ல ஜட்ஜுங்க கூட எடுத்த ஃபோட்டோ. அட்வான்ஸ் 15,000 குடுத்தேன், ரசீது கேட்டா சீட் கன்ஃபர்ம் ஆனப்புறம்னாரு. மூணு மாசம் கழிச்சு போனா அந்த எடத்துல ஜெராக்ஸ் கடை. அம்மா சீட்டு எடுத்த துட்டு அது.

ஏமாந்தது போகட்டும், அந்த காலேஜ் சீட் நெஜமாவே கெடைச்சிருந்தா இன்னும் பெரிய பேஜார் ஆயிருக்கும். இத கோர்ட் வட்டாரத்துல லெட்டர்பேட் காலேஜ்னு சொல்வாங்க, லெட்டர்பேட்ல மட்டும் இருக்கற காலேஜ். கிளாஸுக்கே போகாம டிகிரி வாங்கிட்டு வர்றத பத்தி மெட்ராஸ் ஹைகோர்ட்லயே காரசாரமா பேச்சு வந்திருக்கு. என்ரோல் பண்ண போறப்போ அந்த மூணு வருஷம் எங்க இருந்த, என்ன வேலை பாத்தன்னு நோண்டுவாங்க. சென்னைல பி.எஃப் புடிச்சிருக்கான், 400 கிலோமீட்டர் தள்ளி அட்டெண்டன்ஸ் 90 சதவீதம்னா யாரு நம்புவா?

3 வருஷமா, 5 வருஷமா, எது எடுக்கலாம்?

பிளஸ் டூ முடிச்ச கையோட இருக்கற பசங்கன்னா 5 வருஷம். டிகிரி 3, எல்.எல்.பி 3ன்னு போனா 6 வருஷம், இதுல ஒரு வருஷம் மிச்சம். ஆனா 5 வருஷ கோர்ஸ்ல செமஸ்டருக்கு 18 வாரம், நடுவுல வேலை பாக்க எடம் கம்மி. வீட்ல அஞ்சு வருஷம் சோறு போட ஆள் இருந்தா போங்க.

சம்பாதிச்சே ஆகணும்னா மொதல்ல கரஸ்ல ஒரு டிகிரிய வேலையோடவே முடிச்சிட்டு, கைல கொஞ்சம் சேத்து வச்சு 3 வருஷத்துக்கு வர்றது தான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு சரி. ஏன்னா வேலைய சுருக்க வேண்டியது 3 வருஷம் மட்டும் தான். வயச பத்தி கேக்கறீங்களே, எங்க பேட்ச்ல ரிட்டயர் ஆனவரே இருந்தாரு, புரொஃபசர விட பெரியவரு, எல்லாரும் அவர சார்னே கூப்பிடுவோம், புரொஃபசர் உள்பட.

காலேஜ் பாரிஸ்ல தானே, நடந்தே போயிடலாமே?

அது எங்க அப்பா காலம். ஹைகோர்ட்ட ஒட்டி இருக்கற அந்த செவப்பு கட்டிடத்துல இருந்த அம்பேத்கர் கவர்மென்ட் சட்டக் கல்லூரி 2018-லயே எடம் மாறிடுச்சு. ஒண்ணு பழைய மகாபலிபுரம் ரோட்டுக்கு அந்தாண்ட புதுப்பாக்கம், இன்னொண்ணு திருவள்ளூர தாண்டி பட்டரைபெரும்புதூர். 1891-ல தொடங்கின காலேஜு, வடசென்னை பசங்க பீச் லைன்ல ஏறி பத்து நிமிஷத்துல போயிட்டு இருந்தது, இப்போ நமக்கு ரெண்டுமே தூரம். எனக்கு இதுல இன்னும் ஆத்தாமை தான்.

நம்ம பக்கத்துலருந்து பட்டரைபெரும்புதூர் கொஞ்சம் தேவல. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைல ஏறி பேசின் பிரிட்ஜ்ல மாறி திருவள்ளூர் லோக்கல் புடிக்கலாம், வியாசர்பாடி, பெரம்பூர் ஆளுங்களுக்கு மாறவே வேணாம், நேரா ட்ரெயின். எறங்கி பஸ். வீட்டு வாசல்லருந்து கிளாஸ் வாசலுக்கு ரெண்டு மணி நேரம் வச்சுக்குங்க, போக வர நாலு. சீசன் டிக்கெட் எடுத்துட்டா செலவு பெருசா தெரியாது. படிப்ப பூரா நான் ட்ரெயின்ல தான் முடிச்சேன், வீட்ல எங்க படிக்க விடறாங்க, காலைல ஆறு மணிக்கே தண்ணி லாரி ஹாரன்.

பிரைவேட் காலேஜும் இருக்கு, பெருங்குடில சட்டப் பல்கலைக்கழகத்தோட சொந்த ஸ்கூலும் இருக்கு. அங்க ஃபீஸ் வேற லெவல்.

ஃபாரின்ல பார்ட் டைம்ல படிக்கறாங்களே, நமக்கு மட்டும் ஏன் இல்ல?

அங்க இருக்கறது உண்மை தான். அமெரிக்கால சட்ட டிகிரி ஃபுல் டைம்ல 3 வருஷம், பார்ட் டைம்ல பெரும்பாலும் 4 வருஷம், சாயந்திர கிளாஸ் வச்சே நடத்தறாங்க, மொத்தமா 84 மாசத்துக்குள்ள முடிச்சிடணும்னு ஒரு எல்லை மட்டும் இருக்கு. இங்கிலாந்துல 3 வருஷத்த இழுத்து 4-லருந்து 6 வருஷம் வரைக்கும் பார்ட் டைமா படிக்கலாம். அங்க பாடத்த கொறைக்கறது இல்ல, அதே பாடத்த வருஷக் கணக்குல நீட்டி, ஒரு வாரத்துக்கு கம்மியா வைக்கறாங்க. நம்ம ஊர் விதில வாரத்துக்கு இத்தன மணி நேரம்னே கட்டிப் போட்டதால நீட்டவே வழி இல்ல. என் தனிப்பட்ட கருத்து கேட்டா, காலைல 8-லருந்து 12 வரைக்கும் ஒரு பேட்ச் வச்சு 4 வருஷமா நீட்டினா வடசென்னைலருந்து மட்டும் எத்தன பேர் வருவாங்க! மத்தியானத்துக்கு மேல வேலைக்கு போயிடலாமே. யார் கேக்கறா.

நெல்சன் மண்டேலா ஜெயில்ல இருந்துக்கிட்டே தபால்ல படிச்சு 1989-ல எல்.எல்.பி முடிச்சாரு, தென்னாப்பிரிக்கா யுனிவர்சிட்டில. அந்த டிகிரிய தூக்கிட்டு இங்க வந்திருந்தா நம்ம பார் கவுன்சில் ரெகுலரா கிளாஸுக்கு போனீங்களான்னு அவரையும் கேட்டிருக்கும்.

சிரிப்புக்கு சொன்னாலும் விஷயம் அதான். ஃபாரின் டிகிரின்னா பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்கணும், ரெகுலரா படிச்சிருக்கணும், அதுக்கு மேல இங்க தனியா ஒரு தகுதித் தேர்வும் எழுதணும். ஆன்லைன்ல லண்டன் எல்.எல்.பின்னு விளம்பரம் பாத்து ஏமாறாதீங்க, படிச்ச எடத்துல மதிப்பு இருக்கலாம், ஜார்ஜ் டவுன் கோர்ட்ல நிக்க விடாது.

மொத்தம் எவ்ளோ செலவாவும்?

கவர்மென்ட் காலேஜ்ல ஃபீஸ் கம்மி, எஸ்.சி எஸ்.டி பசங்களுக்கு ஸ்காலர்ஷிப்பும் உண்டு. உண்மையான செலவு ஃபீஸ் இல்ல, விட்ட சம்பளம். நான் 19,000 வாங்கிட்டு இருந்தேன், நாலு நைட்டா கொறைச்சதுல 11,000 ஆச்சு. மாசம் 8,000 போச்சு, 36 மாசத்துக்கு போட்டா 2,88,000. ட்ரெயின், பஸ், வெளிய சாப்பாடு, புத்தகம் எல்லாம் தனி. வேலைய முழுசா விட்டிருந்தா ரெண்டு மடங்குக்கு மேல போயிருக்கும். இந்த கணக்க சேரறதுக்கு முன்னாடியே வீட்ல ஒக்காந்து பேசிடுங்க, பாதில தெரிஞ்சா சண்ட தான்.

ஒரு நல்ல சேதி என்ரோல்மென்ட் ஃபீஸ். முன்னாடி ஸ்டேட்டுக்கு ஸ்டேட் ஆயிரக்கணக்குல புடுங்கிட்டு இருந்தாங்க. 2024 ஜூலை 30-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, வழக்கறிஞர் சட்டத்துல இருக்கற மாதிரி பொதுவா 750 ரூபா, எஸ்.சி எஸ்.டிக்கு 125 ரூபா, அதுக்கு மேல என்ரோல்மென்ட்டுக்குன்னு வாங்கக் கூடாதுன்னு. எனக்கு கொஞ்சம் முன்னாடி முடிச்சவங்க என்ன பாத்து வயிறெரிஞ்சாங்க.

இன்டர்ன்ஷிப் வேற இருக்காமே, வேலையோட எப்படி?

3 வருஷ கோர்ஸுக்கு மொத்தம் 12 வாரம், 5 வருஷத்துக்கு 20 வாரம். ஒரே மூச்சா ஒரு வருஷத்துல 4 வாரத்துக்கு மேல கூடாது, அதனால கடைசி வருஷம் ஒட்டு மொத்தமா பண்ணிக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. செமஸ்டர் லீவுல பண்ணிடணும். நைட் ஷிப்ட் ஆளுக்கு இது ஈசி, கோர்ட்டு பகல்ல தானே. திருவொற்றியூர் கோர்ட்ல பிராக்டிஸ் பண்ற ஒரு வக்கீல்கிட்ட போனேன், காசு கீசு கெடையாது, ஆனா வாய்தா எப்படி வாங்கறது, கேஸ் கட்டு எப்படி கட்டறதுன்னு அங்க கத்துக்கிட்டத எந்த கிளாஸும் சொல்லித் தரல.

தமிழ் மீடியம் படிச்சவன், இங்கிலீஷ் தகராறு. முடியுமா?

முடியும். பரீட்சைய தமிழ்லயே எழுதலாம், கீழ் கோர்ட்ல தமிழ் ஓடுது, வக்கீலா தொழில் பண்ண எழுத வேண்டிய பார் எக்ஸாமும் தமிழ்ல இருக்கு. ஆனா தீர்ப்பு பூரா இங்கிலீஷ்ல தான் வரும், அத படிச்சு புரிஞ்சுக்கற அளவுக்கு மூணு வருஷத்துல தேத்திக்கணும். நான் தெனம் ஒரு பக்கம் தீர்ப்ப வாய் விட்டு படிப்பேன், ட்ரெயின்ல பக்கத்துல ஒக்காந்துருக்கறவங்க மொறைப்பாங்க.

புத்தகம் வாங்கறப்போ ஒண்ணு. மூர் மார்க்கெட்ல பழைய சட்ட புத்தகம் சல்லிசா கெடைக்கும், ஆனா 2024 ஜூலை 1-லருந்து ஐ.பி.சி, சி.ஆர்.பி.சி, சாட்சிய சட்டம் மூணுக்கும் பதிலா புது சட்டம் வந்துடுச்சு. கிரிமினல் பக்கம் பழசு வாங்கினா செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறிப் போயிருக்கும். காண்ட்ராக்ட், சொத்துரிமை மாற்று சட்டம் மாதிரி சிவில் புத்தகத்த பழசா வாங்கலாம்.

முடிச்சப்புறம் வேலையையும் வச்சுக்கிட்டு பிராக்டிஸ் பண்ணலாமா?

முடியாது. பார் கவுன்சில் விதி 49-ன்னு ஒண்ணு இருக்கு, பிராக்டிஸ் பண்ற வக்கீல் யார்கிட்டயும் முழு நேர சம்பள ஆளா இருக்கக் கூடாது. அதனால பார்ட் டைம் கதை எல்லாம் படிக்கற காலத்தோட முடிஞ்சிடும். என்ரோல் பண்ண அன்னிக்கு நான் யார்டுல ரிசைன் பண்ணிட்டேன்.

அப்புறம் அகில இந்திய பார் எக்ஸாம், 100 கேள்வி, சரியான விடைய டிக் பண்றது, நோட்ஸ் இல்லாத சட்டப் புத்தகத்த உள்ள எடுத்துட்டு போலாம். 45 மார்க் எடுக்கணும், எஸ்.சி எஸ்.டிக்கு 40. பயப்பட ஒண்ணும் இல்ல, புத்தகத்துல எது எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்.

ஜூனியர் வருமானத்த பத்தி உண்மைய சொல்லிடறேன். 2024-ல மெட்ராஸ் ஹைகோர்ட் சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல ஜூனியருக்கு மாசம் 20,000, மத்த எடத்துல 15,000 கொறஞ்சபட்சம் குடுக்கணும்னு சொல்லிச்சு. கைல வர்றது சீனியர பொறுத்து. மொத வருஷம் யார்டு சம்பளத்த எதிர்பாக்காதீங்க, ஆறு மாச வீட்டு செலவ தனியா எடுத்து வச்சிட்டு தான் ரிசைன் பண்ணணும்.

ஜட்ஜ் ஆகணும்னு நெனைக்கறவங்களுக்கு இன்னொண்ணு. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொன்னதுல சிவில் ஜட்ஜ் பரீட்சைக்கு 3 வருஷ பிராக்டிஸ் மறுபடி கட்டாயம். அது பார் எக்ஸாம் பாஸ் பண்றதுக்கு முன்னாடி தற்காலிகமா என்ரோல் பண்ற நாள்லருந்தே எண்ணிக்கை. ஒரு பேப்பர் அரியர் வச்சு என்ரோல்மென்ட் ஒரு வருஷம் தள்ளிப் போச்சுன்னா ஜட்ஜ் பரீட்சையும் ஒரு வருஷம் தள்ளிப் போவும்.

தம்பி, எனக்கு ரெண்டு பசங்க, வீட்டுக்காரர் ஹார்பர்ல, மாமியார் கூட இருக்காங்க. நான் படிக்க முடியுமா?

அக்கா, முடியும்னு சும்மா தூக்கி விட மாட்டேன். உங்களுக்கு வேலை நேரம் இல்ல, ஆனா வீடே ஒரு ஷிப்ட் தான், அதுக்கு லீவு லெட்டரும் கெடையாது. காலைல பசங்கள ஸ்கூலுக்கு யாரு அனுப்பறது, மத்தியானம் சின்னவன யாரு கூட்டிட்டு வர்றது, இந்த ரெண்டுக்கும் மொதல்ல ஆள் சொல்லுங்க. மாமியார் ஒத்துக்கிட்டா பாதி கெணறு தாண்டின மாதிரி. எங்க பேட்ச்ல எர்ணாவூர்லருந்து ஒரு அக்கா வந்தாங்க, டிபன் பாக்ஸ் நாலு கட்டி வச்சிட்டு தான் ட்ரெயின் ஏறுவாங்க, மாமியார் தான் அவங்க ஃபீஸ் கட்டினது, சீரியல் பாக்கறப்போ 'எங்க மருமக வக்கீலு'ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்வாங்களாம். சின்னவன் ஒண்ணாவது போற வரைக்கும் பொறுத்துக்கலாம்னா அதுவும் தப்பில்ல, அதுக்குள்ள டிகிரி பாக்கி இருந்தா கரஸ்ல முடிச்சிடுங்க.

அப்ளிகேஷனுக்கு என்னென்ன ரெடியா வச்சிக்கணும்?

பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி மார்க் ஷீட்டு எல்லாம், டி.சி, சாதி சான்றிதழ், கரஸ்ல படிச்சவங்க ப்ரொவிஷனல் சர்ட்டிபிகேட். பேர்ல இனிஷியல் பத்தாவதுல ஒண்ணு டிகிரில ஒண்ணுன்னு இருந்தா இப்பவே சரி பண்ணுங்க, எனக்கு அப்பா பேர்ல ஒரு எழுத்து மாறி தாலுகா ஆபீசுக்கு அஞ்சு தடவ அலைஞ்சேன். நோட்டிபிகேஷன சட்டப் பல்கலைக்கழக வெப்சைட்ல நீங்களே பாருங்க, யாரோ ஃபார்வேர்டு பண்ற மெசேஜ நம்பி தேதிய விட்டுடாதீங்க. வேலை பாக்கற எடத்துல லெட்டர் குடுப்பாங்களான்னு வாய் வார்த்தையாவாவது அதுக்கு முன்னாடியே கேட்டு வச்சிடுங்க. மேனேஜர் நல்ல மூட்ல இருக்கற நாளா பாத்து, சம்பளம் போட்ட மறுநாள்னா இன்னும் உத்தமம்.